உன் வீட்டிலா, அவன் வீட்டிலா? துருக்கி, கசாக், உஸ்பெக் ஓர் ஒப்பீடு

துருக்கிய மொழிக் குடும்பத்தில் ஒன்றைக் கற்க நினைக்கிற தமிழருக்கு வேற்றுமை உருபு பழகிய சரக்குதான். துருக்கியில் "கிதாப் ஒகுதும்" என்றால் புத்தகம் படித்தேன். குறிப்பிட்ட புத்தகத்தை என்றால் "கிதாபு ஒகுதும்". நம் ஐ உருபின் வேலையை அங்கே கடைசி உயிர் செய்கிறது; அந்த உயிரும் ஏறக்குறைய நம் குற்றியலுகரம்தான்.

நமக்குப் புதிது உடைமை விகுதி. 'அகமதின் வீடு' என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வோம். அவர்கள் "அஹ்மெதின் எவி" என்று வீட்டின் வாலிலும் 'அவனுடைய' என்பதை ஒட்டுவார்கள். (இரண்டிலும் 'இன்' வருவது தற்செயல், உறவு கொண்டாட வேண்டாம்.) இந்த விகுதியின் மேல் வேற்றுமை உருபு ஏறும்போதுதான் மூன்று மொழிகளும் பிரிகின்றன.

துருக்கியில் எவின் உன் வீடு, எவி அவன் வீடு. இடத்தைக் காட்டும் உருபு 'தெ'. உன் வீட்டில் என்றால் எவிந்தெ. அவன் வீட்டில்? அதுவும் எவிந்தெ! 'அவன்' விகுதிக்கும் உருபுக்கும் நடுவே சாரியை மாதிரி ஒரு 'ன்' நுழைவதால் வந்த வினை. போதாததற்கு எவின் என்றால் 'வீட்டின்' என்றும், எவி என்றால் 'வீட்டை' என்றும் பொருள் உண்டு. முன்பு 'உன்' விகுதியில் இருந்தது 'ங்' ஒலி. இஸ்தான்புல் பேச்சில் அது 'ன்' ஆகிவிட்டது. 1928இல் வந்த லத்தீன் எழுத்துமுறை அதற்குத் தனி எழுத்து தரவில்லை. துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் வட்டார வழக்குகள் சிலவற்றில் அந்த 'ங்' ஒலியை இன்னும் கேட்கலாம்.

கசாக்கில் அந்த 'ங்' பத்திரமாக இருக்கிறது: உயிங்தெ உன் வீட்டில், உயிந்தெ அவன் வீட்டில். குழப்பமே இல்லை. ஆனால் விலை அதிகம். துருக்கியில் வழக்கமாக 6 வேற்றுமை சொல்வார்கள், இங்கே 7. 'ஓடு' பொருள் தரும் 'மென்' உருபும் கணக்கில் சேரும். 'உடைய' உருபு ஒன்றே, முன்வரும் ஒலியைப் பொறுத்து 6 வடிவம் எடுக்கும். வீட்டுக்கு என்பது உய்கெ, என் வீட்டுக்கு என்றால் உயிமெ. 'கெ' சுருங்கி 'எ' ஆகிவிடுகிறது.

உஸ்பெக்கில் இந்தத் தொல்லை குறைவு. எழுத்து வழக்கில் உயிர் இசைவு (சொல்லின் உயிருக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாறுவது) இல்லை என்பதால் நிங் (உடைய), நி (ஐ), த (இல்), தன் (இருந்து) எல்லாம் எந்தச் சொல்லிலும் அப்படியே ஒட்டும். நம் 'கு' போன்ற 'க' உருபு மட்டும் சில மெய்களுக்குப் பின் வல்லொலி பெறும். நடுவே 'ன்' நுழைவதும் இல்லை: உயித அவன் வீட்டில், உயிங்த உன் வீட்டில். ஆனால் தாஷ்கண்ட் பேச்சில் 'நிங்' தேய்ந்து 'நி' ஆகிவிடும். "அஹ்மத்நி உயி" என்று கேட்டு, இது ஐ உருபா என்று திகைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த அமைப்பு பிடிபட உஸ்பெக்தான் முதலில். துருக்கி நாடகத் தொடர்களுக்காக அந்த மொழிதான் வேண்டும் என்றால், சரி, அதையே எடுங்கள். அவர்களே சந்தேகம் வருமிடத்தில் "செனின் எவிந்தெ", "ஒனுன் எவிந்தெ" என்று உன், அவன் என்பதை முன்னால் வைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள்.