குன்னூர் மலைப்பாதைக்கு ஹுராக்கனா, ஜிடி3-ஆ?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது லம்போர்கினி ஹுராக்கன் ஈவோவின் 640 குதிரைத்திறனுக்குப் பெரிய வேலை இல்லை. 5.2 லிட்டர் வி10 என்ஜின் முழுக்குரல் எடுப்பதற்குள் அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்துவிடும். ஆனால் மழையில் நனைந்த சாலையில் நாலு சக்கர இழுவை தரும் தைரியமே தனி.

போர்ஷே 911 ஜிடி3-க்கு 510தான். என்ஜின் பின்னால், இழுவையும் பின்சக்கரங்களுக்கே. வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால் எடை முன்னால் வந்து முன்சக்கரங்கள் சாலையைக் கவ்வும். திரும்பியதும் ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால், பின்பக்க எடை டயரை அழுத்த, கார் பிடிமானத்தோடு மேலேறும். சின்ன மேடுபள்ளமும் ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும். ஆறு கியர் மேனுவலும் உண்டு. இரண்டு, மூன்று என்று மாற்றிக்கொண்டே ஏறுவது அப்படி ஒரு சுகம். என் ஓட்டு இதற்குத்தான்.

எதை வாங்கினாலும் முன்பக்கத்தை உயர்த்தும் வசதியைக் கேட்டு வாங்குங்கள், வேகத்தடைகளுக்கு அது வேண்டும்.