50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்: ஏழு ஆண்டுகளும் ஒரு பழுதும்

ஃபோகஸ் மோட்டார் கெட்டுப்போய் மூன்று வாரம் பழுதுபார்ப்பவரிடம் கிடந்த என் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் சென்ற வாரம்தான் கைக்கு வந்து சேர்ந்தது. மங்கிய வெளிச்சத்தில் படமெடுக்க இதை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் அதே நாளில் கேட்டார். எஃப் எண் எவ்வளவு சிறிதோ, லென்ஸில் ஒளி நுழையும் துளை அவ்வளவு பெரிது; அதனால்தான் அந்தக் கேள்வி.

இதன் பெருமையை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். திருக்கார்த்திகையன்று வாசலில் அகல் விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்த அம்மாவை, வேறு விளக்கு எதுவும் போடாமல், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600-இல், ஷட்டரை 1/80 நொடி மட்டும் திறந்து எடுத்தேன். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் அதே 50 மி.மீ.யில் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது என்பதால், அதில் 1/8 நொடி தேவைப்பட்டிருக்கும். திரியைத் தூண்டும் கை வெறும் தீற்றலாகியிருக்கும். ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் என்றால் என்னவென்பது, அம்மாவின் விரல் நுனியில் எண்ணெய் மினுங்குவதைப் படத்தில் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் அந்த ஒரு படத்துக்கு முன் தவறிப்போனவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது? பொத்தானைப் பாதி அழுத்தியதும் லென்ஸ் முன்னும் பின்னுமாக ஓடி ஃபோகஸைத் தேடத் தொடங்கிவிடும். வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கையில் இயங்கும் ஃபோகஸ் சென்சாருக்கு ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பு ஒன்று வேண்டும். நிழல் படிந்த கன்னத்தில் அதற்கு எங்கே போவது? ஆகவே குற்றத்தில் பாதி கேமராவுடையது என்று அறிவேன். அறிந்தும் திட்டு வாங்குவது லென்ஸ்தான். தேடி முடித்தாலும் நிம்மதியில்லை. ஒன்றரை மீட்டர் தூரத்தில், முழுத் துளையில், தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவே என்பதால், காது தெளிந்து கண் கலங்கிய முகங்கள் என்னிடம் ஏராளம்.

வியூஃபைண்டரில் தெரியும் ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு மூக்குத்தியின் மினுக்கத்தில் ஃபோகஸைப் பிடிப்பது ஓரளவு கைகொடுக்கிறது. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் வளையத்தைத் திருப்புவது அதைவிடத் துல்லியமானது, ஆனால் அதற்குள் அம்மா அடுத்த விளக்குக்குப் போய்விடுவார்.

பழுதுபார்க்க லென்ஸ் விலையில் பாதியைக் கொடுத்தேன். மோட்டார் இப்போது சத்தமில்லாமல் தேடுகிறது; தேடுவதை மட்டும் விடவில்லை. இதை வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் கார்த்திகைக்கு மட்டும் இரவல் தருகிறாயா என்று கேட்டார். அன்றைக்குத் தருவதற்கில்லை என்றேன்.