‘குழந்தை சீட் உண்டு’ என்ற ஒரு வரியை நம்பி வண்டி புக் செய்யாதீர்கள்

போன மாதம் நானும் கணவரும் என் அம்மாவும் 22 மாத மகளுமாக ஐந்து நாள் காரில் ஒரு பயணம் போய் வந்தோம். மலைப்பாதை, ஏரிக்கரை, கடைசியில் கடற்கரை என்று பல மாதமாக ஆசைப்பட்டுப் போட்ட திட்டம். வாடகைக் கார், நான்கு இரவுத் தங்கல், நாள்வாரியான வழித்திட்டம் மூன்றையும் சேர்த்து ‘கைக்குழந்தையோடு வருபவர்களுக்காகவே’ என்று விற்கிற ஓர் ஏஜென்சியில் பணம் கட்டியிருந்தோம். புகார் இன்னும் முடியாததால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எங்களிடம் நடந்துகொண்ட விதம் அவர்களோடு நிற்கிற ஒன்றாக எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன். சின்னக் குழந்தையோடு கிளம்ப இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவர்கள் இணையப் பக்கத்தில் மூன்று உறுதிகள் இருந்தன. குழந்தைக்குப் பொருத்தமான கார் சீட், ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டாத வழி, எல்லா அறையிலும் குழந்தைக் கட்டில். சீட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். படத்தில் இருந்தது பின்நோக்கி (குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி) மாட்டக்கூடிய, ஐசோஃபிக்ஸ் கொக்கி (காரின் இருக்கைச் சட்டத்திலேயே பூட்டுவது) உள்ள புது சீட். மகளின் வயது, எடை, உயரம் எல்லாம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு கேட்கிறார்களே, விஷயம் தெரிந்தவர்கள் என்று நம்பினேன்.

வண்டி எடுக்கும் இடத்துக்குக் காலை பத்து மணிக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்த தம்பி உள்ளே போய் எடுத்து வந்தது ஒரு பூஸ்டர். அதாவது முதுகு கூட இல்லாத, பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் வெறும் மெத்தை. அதன் லேபிளிலேயே 15 முதல் 36 கிலோ வரை என்று போட்டிருந்தது. என் மகள் பதினோரு கிலோ.

“மேடம், எங்ககிட்ட இப்ப இதுதான் இருக்கு. எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகாது” என்றார்.

புக்கிங் ரசீதைக் காட்டினேன். அவர் அதன் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்: ‘குழந்தை சீட் கோரிக்கையின் பேரில், இருப்பைப் பொறுத்து.’ பணம் வாங்கியது ஏஜென்சி, வண்டி கொடுப்பது வேறொரு கம்பெனி, இரண்டுக்கும் நடுவில் எங்கள் சீட் வெறும் ‘கோரிக்கை’யாக இருந்திருக்கிறது. மகளின் எடையும் உயரமும் இந்தக் கவுண்ட்டருக்கு வந்து சேரவே இல்லை. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த தாளில் ‘சீட் 1’ என்று மட்டும்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு எங்கிருந்தோ இன்னொரு சீட் வந்தது. பார்க்க சரியான வகைதான். ஆனால் லேபிள் பாதி சுரண்டிப் போயிருந்தது, தோள் பட்டை முறுக்கிக்கொண்டு இழுபடவில்லை. துணி உறையைத் தூக்கிப் பார்த்தேன். தலைப் பக்கம் இருக்க வேண்டிய தெர்மோகோல் ஒரு பக்கம் இல்லவே இல்லை, பிளாஸ்டிக் ஓட்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அந்தத் தெர்மோகோல்தான் மோதலில் தலைக்கு வருகிற அடியை வாங்கிக்கொள்கிற பகுதி. விரிசல் விட்ட சீட் ஒருமுறை விபத்தில் அடிபட்டதாகவும் இருக்கலாம், யாரோ மாடியிலிருந்து தவறவிட்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதை இன்னொரு குழந்தைக்குத் தரக் கூடாது. படம் எடுத்துக்கொண்டு வேண்டாம் என்று சொன்னேன். உடனே படிவத்தில் ‘வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். நான் அதற்குக் கீழே ‘விரிசல் இருந்ததால் மறுத்தேன்’ என்று என் கையாலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

அம்மா, “விடும்மா, நான் மடியில வச்சுக்கிறேன், நீயும் என் மடியில வந்தவதானே” என்றார். அன்போடு சொன்னதை எப்படி மறுப்பது என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு அம்மாவிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ இருநூறு கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். எவ்வளவு பாசமான கையாலும் அது முடியாது. அம்மா பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்று நாங்கள் கிளம்பவில்லை. அதே ஊரில் கையிலிருந்து காசு போட்டு ஓர் அறை எடுத்தோம். கணவர் போய்ப் புது சீட் ஒன்று வாங்கி வந்தார். முதல் நாள் ஏரிக்கரை அறைக்குக் கட்டிய பணம் போயிற்று.

சீட் பற்றி இவ்வளவு பேசுகிறேனே என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த வயதுக் குழந்தையின் தலை அதன் உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. முன்நோக்கி உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்நோக்கி உட்கார்ந்திருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டின் ஓடே தாங்கிவிடும். குழந்தை சீட்டுக்கான ஐ.நா.வின் ஆர்129 பாதுகாப்பு விதி, ஐ-சைஸ் என்று சொல்கிறார்களே அது, 15 மாதம் வரை பின்நோக்கித்தான் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018 முதல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு முடியும் வரை பின்நோக்கியே வையுங்கள் என்கிறது. இதெல்லாம் தெரிந்த பிறகு பூஸ்டரில் உட்கார வைத்து மலை ஏற எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது வழித்திட்டம். மூன்றாம் நாளுக்கு அவர்கள் எழுதியிருந்தது ‘150 கி.மீ., இரண்டரை மணி’. கணக்கைப் பாருங்கள், சராசரி மணிக்கு 60 கிலோமீட்டர். அந்தப் பாதையில் 90 கிலோமீட்டர் மலை. கொண்டை ஊசி வளைவுகளில் 30 ஓட்டினாலே அதிகம். அந்த மலைப்பகுதிக்கு மட்டுமே மூன்று மணி, சமதளத்துக்கு ஒரு மணி, இரண்டு வயதுக்குழந்தைக்கு நிறுத்தி நிறுத்திப் போனால் இன்னும் இரண்டு மணி. எங்களுக்கு ஆறேகால் மணி ஆனது. கடைசி ஒரு மணி நேரம் இருட்டிலும் மூடுபனியிலும். இந்தத் திட்டத்தை எழுதியவர் அந்தப் பாதையில் குழந்தையோடு ஒருநாளாவது போயிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரே வேகத்தால் வகுத்து எழுதியதுபோலத்தான் இருந்தது.

அன்று இறக்கத்தில் மகள் அழுத அழுகையை மறக்க முடியவில்லை. வாந்தி வரப்போகிறது என்று நினைத்துக் கவரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு வயதுக்குள் வண்டி வாந்தி அவ்வளவாக வருவதில்லை, இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். அவளுக்கு வலித்தது காது. வேகமாக இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும், நமக்குக் கொட்டாவி விட்டால் சரியாகிவிடும், குழந்தைக்கு அது தெரியாது. எதையாவது விழுங்கினால் காது திறந்துகொள்ளும். அம்மாதான் தண்ணீர்க் குப்பியைக் கொடுத்துச் சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தார். பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டாள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குப்பி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் இடையில் சொல்லிவிடுகிறேன். மலை மேல் ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குளிர் கூடும். அதற்காகத் தடிமனான ஜாக்கெட்டோடு குழந்தையை சீட்டில் கட்டாதீர்கள். பட்டை இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும், மோதலில் ஜாக்கெட் நசுங்கி அவ்வளவும் தொளதொளவென்று ஆகிவிடும். மெல்லிய உடையோடு பட்டையைப் போட்டுவிட்டு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

கட்டில் கதை சிறியது. அவர்கள் ஏற்பாட்டில் தங்கிய மூன்று இரவில் ஓர் இடத்திலும் இல்லை. கடற்கரை விடுதியில் வரவேற்பில் இருந்த அக்கா கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டினார்: “எங்களுக்கு அப்படி எந்தக் குறிப்பும் வரலைங்க.” குழந்தை வருகிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. மெத்தையைத் தரையில் இறக்கி, சுவர் ஓரம் இடுக்கு இல்லாதபடி நகர்த்திக் கொடுத்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

இனி புக் செய்பவர்கள் தயவுசெய்து ‘குழந்தை சீட் உண்டு’ என்ற வரியோடு நிற்காதீர்கள். ‘கோரிக்கையின் பேரில்’, ‘இருப்பைப் பொறுத்து’, ‘அல்லது அதற்கு இணையான’ என்ற சொற்கள் எங்காவது இருந்தால் சீட் உங்களுக்கு உறுதி இல்லை என்றுதான் அர்த்தம். வண்டியைக் கையில் கொடுக்கப்போகும் கிளையையே நேரடியாகத் தொடர்புகொண்டு, தரப்போகும் அதே சீட்டின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐ.நா. விதியைப் பின்பற்றும் நாடுகளில் லேபிளில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதற்கு முந்தைய ஆர்44 விதிப்படி செய்த பழைய சீட்டில் எடை வரம்பும், ஆர்129 சீட்டில் சென்டிமீட்டரில் உயர வரம்பும் போட்டிருக்கும். அமெரிக்க சீட்டில் தயாரித்த தேதியும் மாடல் எண்ணும் இருக்கும். லேபிளே இல்லாத சீட்டைத் தொடவே வேண்டாம். பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது அங்கே போனால் செல்லாது.

சீட்டைக் கையில் வாங்கும்போது வெளிச்சத்தில் வைத்து உறையைத் தூக்கிப் பாருங்கள், பக்கிளைப் பத்து தடவையாவது போட்டுக் கழற்றுங்கள். மாட்டிய பிறகு பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. தோள் பட்டையை இரு விரலால் கிள்ளினால் துணி மடிந்து கையில் வரக் கூடாது. பின்நோக்கி என்றால் பட்டை தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்நோக்கி என்றால் சமமாகவோ மேலிருந்தோ. முன் இருக்கையில் ஏர்பேக் இயங்கும் நிலையில் பின்நோக்கி சீட்டை வைக்கவே கூடாது. சீட்டுக்குத் தரையில் ஊன்றும் தாங்கு கால் இருந்தால், அந்த இடத்தில் தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டியின் மூடி இல்லை என்று தட்டிப் பார்த்துவிட்டு ஊன்றுங்கள். முடிந்தவர்கள் சொந்த சீட்டையே கொண்டுபோங்கள், பல விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. நாங்கள் சுமைக்கு யோசித்துத்தான் வீட்டில் விட்டுப்போனோம். இனி அப்படிச் செய்ய மாட்டோம்.

பணம் விஷயம். திரும்பி வந்ததும் ரசீது, பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், விரிசல் படம், அந்தக் கையெழுத்துத் தாள் எல்லாவற்றையும் ஏஜென்சிக்கு அனுப்பினேன். முதலில் ‘நீங்களே மறுத்தீர்கள்’ என்றார்கள். தாளில் நான் எழுதிய வரியைக் காட்டிய பிறகு சீட் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். தவறிய முதல் இரவுக்காகக் கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டிருக்கிறேன். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இந்த மாதிரிப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம், வங்கி அதைக் குறைத்தும் வைத்திருக்கலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைப் பணம் கட்டும் அன்றே செய்துவிடுங்கள்.

இன்று காலை அவர்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் புது சீட்டின் படம் அப்படியே இருக்கிறது. மூன்றாம் நாள் வழியும் அதே இரண்டரை மணியாகத்தான் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு புக்கிங் திறந்துவிட்டார்கள்.