ஸ்னாப்ஷாட்டுக்கு எல்விஎம்மா, இசட்எஃப்எஸ்ஸா?

அலுவலக ஃபைல் சர்வரைப் புதிதாக அமைக்கும்போது டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் எல்விஎம், ஃபைல் சிஸ்டங்களான பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் மூன்றையும் யோசித்து, கடைசியில் இசட்எஃப்எஸ் போட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. ஸ்னாப்ஷாட் (ஃபைல்கள் அந்த நொடியில் இருந்த நிலையின் பதிவு) எடுப்பது மூன்றிலும் ஒரு கட்டளை, ஒரு நொடி. எடுத்ததிலிருந்து ஒரே ஒரு ஃபைலை எப்படித் திரும்ப எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முழு சர்வரையும் மீட்கும் நாள் அபூர்வம், "நேத்து வெச்ச எக்செல்லை யாரோ மாத்திட்டாங்க சார்" என்பதுதான் அடிக்கடி வரும்.

எல்விஎம்மில் ஸ்னாப்ஷாட்டைத் தனியாக மவுண்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டரில் இணைத்து (ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் நோயூயூஐடி ஆப்ஷன் இல்லாமல் மவுண்டே ஆகாது), தேடி, காப்பி எடுத்து, அன்மவுண்ட் செய்ய வேண்டும். எல்லாம் ரூட் (அட்மின்) வேலை. அது போக, பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்கு இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். 20 ஜிபி ஒதுக்கிவிட்டு மாற்றங்கள் அதைத் தாண்டினால் ஸ்னாப்ஷாட் செல்லாமல் போய்விடும். பொதுவான பூலிலிருந்து தேவைப்படும்போது இடம் எடுத்துக்கொள்ளும் தின் வால்யூமில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பூல் நிரம்பாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இசட்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு டேட்டாசெட்டின் (தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய பகுதி) உச்சியிலும் டாட் இசட்எஃப்எஸ் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. வழக்கமான அமைப்பில் எல்எஸ் மைனஸ் ஏ கொடுத்தாலும் கண்ணில் படாது, பெயரைச் சொல்லிப் போனால் திறக்கும். உள்ளே எல்லா ஸ்னாப்ஷாட்டும் அதனதன் பெயரில், படிக்க மட்டும். சர்வர் ஃபைல்களை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பாவில் ஷேடோ காப்பி 2 மாட்யூலைப் போட்டு, ஸ்னாப்ஷாட் பெயர் எந்த வடிவில் இருக்கும் என்பதையும் சரியாகச் சொல்லிவிட்டால், அக்கவுண்ட்ஸ்காரரே விண்டோஸில் ரைட் கிளிக் செய்து 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' போய் நேற்றைய ஃபைலை எடுத்துக்கொள்வார், நம்மைக் கூப்பிட மாட்டார். அவசரத்தில் ரோல்பேக் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஃபைலுக்காக மொத்த டேட்டாசெட்டும் பின்னால் போகும், மைனஸ் ஆர் சேர்த்தால் இடைப்பட்ட ஸ்னாப்ஷாட்டுகளும் காலி.

தொல்லை இதிலும் உண்டு. லைசென்ஸ் சிக்கலால் லினக்ஸின் மையமான கெர்னலோடு வராது. உபுண்டுவில் மாட்யூலைத் தயாராகத் தருகிறார்கள், டெபியனில் ஒவ்வொரு கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகக் கம்பைல் ஆக வேண்டும், எனவே கெர்னல் அப்டேட் என்றால் கொஞ்சம் பொறுத்துத்தான் போடுவேன். அப்புறம், அழித்த ஃபைலின் இடம் அதைப் பிடித்திருக்கும் ஸ்னாப்ஷாட் போகும்வரை திரும்பாது. பழையதைக் கழிக்க சனாய்ட் என்ற கருவி வைத்திருக்கிறேன்.

பட்டர்எஃப்எஸ் கெர்னலிலேயே இருக்கிறது, அதில் ஸ்னாப்ஷாட்டுகளை நிர்வகிக்கும் ஸ்னாப்பரும் நல்ல கருவி. நான் லேப்டாப்பில் மட்டும் ஓட்டியிருக்கிறேன், சர்வர் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். சப்வால்யூமுக்குள் (பட்டர்எஃப்எஸ்ஸில் டேட்டாசெட் மாதிரி) இன்னொரு சப்வால்யூம் இருந்தால் அது ஸ்னாப்ஷாட்டில் சேராது என்பதை மட்டும் கவனியுங்கள்.

எதைப் போட்டாலும் டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். நான் தினமும் ராத்திரி இசட்எஃப்எஸ் சென்ட் வழியாக, மாறியதை மட்டும் வேறொரு மெஷினுக்கு அனுப்பிவிடுகிறேன்.