பாய்மரப் படகை விற்றுத் தந்த தரகு நிறுவனம்: என் மதிப்பீடு

11 ஆண்டுகள் நான் பராமரித்து வந்த 34 அடி நீளக் கண்ணாடியிழைப் பாய்மரப் படகை, விற்கும் விலையில் 10 சதவீதத் தரகு என்ற ஒப்பந்தத்தின் பேரில் விற்றுத் தந்த நிறுவனத்திடம், மறுபடியும் தேவைப்பட்டால் நான் போவேன். படங்களை மட்டும் நானே எடுத்துக்கொள்வேன்.

அவர்கள் வெளியிட்ட படங்களில் மெத்தைகளும் திரைச்சீலைகளும் பளிச்சென்று தெரிந்தனவே தவிர, நெடும்பயணத்துக்குப் படகு தேடுபவர் முதலில் பார்க்க விரும்பும் எஞ்சின் அறையோ, பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களோ ஒன்றில்கூட இல்லை. என் படங்களைச் சேர்க்க மூன்று வாரங்கள் ஆயின.

பேச்சுவார்த்தையில்தான் அவர்களின் அனுபவம் தெரிந்தது. அந்த வடங்களைச் சுமார் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படி காப்பீட்டு நிறுவனங்கள் பல கேட்பதால், நான் மாற்றியதற்கான ரசீதை விளம்பரத்தின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டிருந்தார்கள். வாங்குபவர் அமர்த்திய ஆய்வாளர், படகைக் கரையேற்றி, சிறு சுத்தியலால் அடிப்பகுதியை அங்குலம் அங்குலமாகத் தட்டி ஓசை கேட்டு, ஈரமானியையும் வைத்துப் பார்த்தபோது, சுக்கானில் மட்டும் ஈரம் காட்டியது. (அந்த அரை நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.) அதையே சாக்காக வைத்து விலையை வெகுவாகக் குறைக்கக் கேட்டவரிடம், ஒரு பட்டறையின் செலவு மதிப்பீட்டை வாங்கிக் காட்டி, அந்தத் தொகையை மட்டும் கழித்துத் தரகர் பேசி முடித்தார். வெள்ளோட்டத்தன்று எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் வாங்குபவர் பார்ப்பார் என்று தரகர் சொன்னதும் சரியாகவே இருந்தது. வாங்குபவர் வந்தவுடன் செய்த முதல் வேலை, எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததுதான்.