கழற்றி மாட்டும் உடல் மாதிரி: நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு வாங்கலாமா?

உறுப்புகளைக் கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் உடல் மாதிரி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். உயரம் 42 செ.மீ. கை கால் கிடையாது, தலை ஒரு பக்கம் திறந்து மூளை தெரியும். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். பள்ளத்தூரில் வீட்டிலேயே விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். நர்சிங் நுழைவுத் தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளுக்காகத்தான் இந்தச் செலவு. பாதிப் பாடத்துக்கு இது நன்றாகவே வேலை செய்தது. மீதிப் பாதிக்குக் கறிக்கடைக்குப் போக வேண்டியிருந்தது.

தேர்வு என்று நான் சொல்வது முக்கியமாக எய்ம்ஸ் பி.எஸ்சி. நர்சிங். இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். இயற்பியல், வேதியியல், உயிரியல் தலா 30, பொது அறிவு 10. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிந்துவிடும், அதனால் குத்துமதிப்பாக டிக் அடிக்க முடியாது. ராணுவ நர்சிங் கல்லூரிகள் என்றால் நீட் மதிப்பெண் வேண்டும். எதுவானாலும் மனித உடல் பற்றிய அடிப்படை பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில்தான் இருக்கிறது, செரித்தலில் ஆரம்பித்து ஹார்மோன்கள் வரை. அந்தப் புத்தகத்துக்கு மாற்றாக எந்தப் பொம்மையும் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் புத்தகத்தில் ஒரு சிக்கல் உண்டு. கல்லீரல் வயிற்றின் வலது மேல்பக்கம் என்று பிள்ளைகள் கடகடவென ஒப்பிப்பார்கள். சரி, உன் கல்லீரல் எங்கே, கை வைத்துக் காட்டு என்றால் கை இடது பக்கம் போகும். படத்தில் இருக்கிற ஆள் நம் எதிரே நிற்கிறார், அவருடைய வலது நமக்கு இடது பக்கம் தெரிகிறது. அதைத்தான் அப்படியே மனதில் பதித்துக்கொள்கிறார்கள். இதற்கு இந்த மாதிரி நல்ல மருந்து. ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தன் வயிற்றோடு சேர்த்து, முகம் வெளியே பார்க்கிற மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது பொம்மையின் வலதும் அவள் வலதும் ஒன்று. ஒரே சாயங்காலத்தில் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இன்னொரு நல்ல விஷயம், எதன் பின்னால் எது என்பது. இரைப்பையை எடுத்தால்தான் கணையம் கண்ணில் படும். குடலை மொத்தமாகத் தூக்கினால்தான் சிறுநீரகங்கள். வலது நுரையீரலில் மூன்று கதுப்பு, இடதில் இரண்டு, இதயத்துக்கு இடம் விட்டு இடது நுரையீரலில் ஒரு வளைவு. இதயத்தைத் திருப்பி வைத்துவிட்டால் நுரையீரல் பொருந்தாது, துருத்திக்கொண்டு நிற்கும். தப்பு செய்தால் பொம்மையே சொல்லிவிடுகிறது, நான் வாய் திறக்க வேண்டியதில்லை. கடைசியில் யார் முதலில் மாட்டி முடிப்பது என்று வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) போட்டியே வைத்தார்கள். வீட்டுக்கார ஆச்சிக்குத்தான் பிடிக்கவில்லை. "வெளக்கு வைக்கிற நேரத்துல கொடல எடுத்து வெளிய பரப்பி வச்சிருக்கியே ஆத்தா" என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஆறு மணிக்கு முன்பே மூடிவிடுகிறோம்.

இனி குறைகள். இரண்டு சிறுநீரகமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. மேலே கல்லீரல் அடைத்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் கொஞ்சம் கீழே இறங்கித்தான் இருக்கும், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது. பித்தப்பை என்று கல்லீரலின் அடியில் ஒரு பச்சைத் திட்டு, அவ்வளவுதான். அதிலிருந்து முன்சிறுகுடலுக்குப் போகிற குழாய் கிடையாது. பித்தநீர் கல்லீரலில் சுரக்கிறது, பித்தப்பை சேர்த்து வைக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் பித்தப்பைதான் சுரக்கிறது என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பச்சைத் திட்டு ஒரு உதவியும் செய்யவில்லை. மண்ணீரல் பின்சுவரோடு ஒட்டிய சின்ன மேடு, கழற்ற முடியாது. சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வறுவல் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளே அதைக் கண்டுபிடிக்கவில்லை. இனப்பெருக்க உறுப்புகள் அறவே இல்லை.

பெயர் ஒட்டாமல் எண் மட்டும் போட்டிருக்கிறார்கள். அதற்கான தாள் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி சுவரில் ஒட்டிவிட்டேன். உறுப்புகளைப் பிடித்து நிறுத்துகிற சின்னக் குச்சிகள் பலவீனம். எங்கள் தரை ஆத்தங்குடிக் கல், விழுந்தால் பொருள்தான் உடையும். இரைப்பையின் குச்சி முதல் வாரமே போய்விட்டது. பார்சலில் வரும்போதே கல்லீரலில் ஒரு கீறல் இருந்தது. விற்றவரிடம் போட்டோ அனுப்பிக் கேட்டேன், முழுதாகத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரே பதில். உதிரி உறுப்பு தனியாகக் கிடைக்காது.

பெரிய ஏமாற்றம் இதயம். இரண்டாகப் பிரியும், உள்ளே நான்கு அறை தெரியும், ஆனால் வால்வுகள் வெறும் பெயின்ட் கோடு. இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) சுவரும் வலது வென்ட்ரிக்கிள் சுவரும் ஒரே தடிமன். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிற அறைக்கும் பக்கத்து நுரையீரலுக்குத் தள்ளுகிற அறைக்கும் வித்தியாசமே இல்லை என்றால் அப்புறம் எதைச் சொல்லிக்கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை பாயிடம் சொல்லிவைத்து ஆட்டு இதயம் வாங்கினேன். பெருந்தமனியை ஒட்ட நறுக்காமல் குழாய் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். அந்தக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் தேங்குகிறது, அரைச்சந்திர வால்வு மூடிக்கொண்டுவிடுகிறது. "மிஸ், தண்ணி நிக்குது மிஸ்!" என்று ஒருத்தி கத்தினாள். அப்புறம் நீளவாக்கில் வெட்டிக் காட்டினேன். இடது சுவரின் தடிமனை விரலால் பிடித்துப் பார்த்தார்கள், வால்வைப் பிடித்திருக்கிற வெள்ளை நாண்களை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மூலையில் இருந்த 20 லிட்டர் தண்ணீர் கேனைக் காட்டி, அதில் கால்வாசி ஒரே நிமிடத்தில் என்றேன். அந்தக் கணக்கை இனி யாரும் மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: இரைப்பைக்கு ஆட்டை நம்பக் கூடாது, அதற்கு நான்கு அறை.

சிறுநீரகத்துக்குப் பொம்மையும் போதாது, கடையில் வாங்குகிற குண்டிக்காயும் போதாது. வெட்டினால் வெளிப்பக்கப் புறணி, உள்பக்க மெடுல்லா வரைக்கும் தெரியும். நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகட்டி, நாளுக்கு 180 லிட்டர் ஆகி, அதில் ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிற கதை, கண்ணுக்குத் தெரியாத நுண்வடிகட்டியான நெஃப்ரானில் நடக்கிறது. அதற்கு ஒரே வழி நோட்டில் பெரிதாகப் படம் போட்டு அம்புக்குறி இடுவதுதான்.

ஒரே பிள்ளை வீட்டில் தனியாகப் படிக்கிறாள் என்றால் இதை வாங்க வேண்டாம். பாடப்புத்தகம் அரசுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதோடு ஓர் ஆட்டு இதயம் போதும். நாலைந்து பேர் சேர்ந்து படித்தால் காசைப் பங்கு போட்டு வாங்கலாம். அப்படி வாங்குவதானால் கல்லீரலின் அடிப்பக்கம், சிறுநீரகங்கள் இருக்கும் பின்சுவர் இரண்டுக்கும் போட்டோ கேட்டுப் பாருங்கள். பித்தக்குழாயும் உயர வித்தியாசமும் தெரிந்தால் நான் வாங்கியதைவிட நல்ல பொருள். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள், கூடவே ஒரு ஃபெவிக்விக்கும் வாங்கி வையுங்கள்.