ஃபெஸ்டினியோக் மலைப்பாதை: குட்டி இங்கிலாந்தா, இரட்டைத்தலை ஃபேர்லியா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கே ‘இங்கிலாந்து’ என்பது நாடு அல்ல. லண்டனின் நியூ கிராஸ் பகுதியில் ஹாட்சம் என்ஜின் தொழிற்சாலையை நடத்திய ஜார்ஜ் இங்கிலாந்து என்பவரின் பெயர். வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ரயில்வேக்கு முதல் நீராவி என்ஜின்களைச் செய்து கொடுத்தவர் அவர். ஃபேர்லி என்பவர் ராபர்ட் ஃபிரான்சிஸ் ஃபேர்லி. 1864-ல் இருமுனை என்ஜினுக்குக் காப்புரிமை வாங்கியவர், ஜார்ஜ் இங்கிலாந்தின் மருமகனும்கூட. ஆக, இந்த மலைப்பாதைக்கு யாருடைய என்ஜின் ஏற்றது என்ற போட்டி ஒரே வீட்டுக்குள் நடந்த போட்டி.

பாதையைப் புரிந்துகொள்ளாமல் என்ஜின்களை ஒப்பிடுவதில் பயனில்லை. பிளைனை ஃபெஸ்டினியோக் மலையில் வெட்டிய கூரைச் சிலேட்டைப் போர்த்மடோக் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க 1836-ல் திறந்த பாதை இது. தண்டவாள இடைவெளி 1 அடி 11½ அங்குலம், அதாவது 597 மி.மீ. நீளம் சுமார் 13½ மைல். மலையிலிருந்து கடல்வரை ஒரே சீரான இறக்கமாக வரும்படி மலையைச் சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். அதனால் சிலேட் ஏற்றிய வண்டிகள் பிரேக்காரர்களோடு தாமாகவே உருண்டு இறங்கின. காலி வண்டிகளை மேலே இழுத்தவை குதிரைகள். இறங்கும்போது அந்தக் குதிரைகளும் ஒரு தனி வண்டியில் ஏறி நின்றபடி வந்தன.

1863-ல் என்ஜின் வந்தபோது அதற்குக் கிடைத்தது குதிரையின் வேலைதான்: காலி வண்டிகளையும், விரைவிலேயே பயணிகளையும் மேலே ஏற்றுவது. எனவே எது வேகமாக ஓடும் என்ற கேள்விக்கு இந்தப் பாதையில் இடமே இல்லை. ஏறத்தாழ 80-க்கு 1 ஏற்றத்தில், நெருக்கமான வளைவுகளில், மழை நனைத்த தண்டவாளத்தில், இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு எத்தனை டன் ஏற்ற முடியும் என்பதுதான் கேள்வி.

களத்தில் இருந்தவை நான்கு வகை. 1863-64-ல் வந்த குட்டி இங்கிலாந்துகள் நான்கு: மவுண்டனீர், பிரின்சஸ், பிரின்ஸ், பாமர்ஸ்டன். 1867-ல் வந்த பெரிய இங்கிலாந்துகள் இரண்டு: வெல்ஷ் போனி, லிட்டில் ஜயன்ட். 1869-ன் லிட்டில் வொண்டரில் தொடங்கிய இரட்டை ஃபேர்லிகள். 1876-ல் வல்கன் ஃபவுண்டரி செய்த ஒற்றை ஃபேர்லி, தாலியெசின்.

இழுவிசையைக் கையாலேயே கணக்கிடலாம். சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஸ்ட்ரோக்கால் (சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் தூரம்) பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுத்தால் போதும். எல்லாம் அங்குலத்தில் இருக்க வேண்டும். வருகிற விடை, சிலிண்டரில் ஒரு பவுண்டு ஆவி அழுத்தத்துக்கு இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தரும் பவுண்டு இழுவிசை. கொதிகலன் அழுத்தத்தில் 85 சதவீதம் சிலிண்டருக்கு வருவதாக வைத்துக்கொள்வது வழக்கம்.

குட்டி இங்கிலாந்துக்கு 8 அங்குல சிலிண்டர், 12 அங்குல ஸ்ட்ரோக், 24 அங்குலச் சக்கரம். விடை 32. பெரிய இங்கிலாந்துக்கு 8½ அங்குல சிலிண்டர், அதே ஸ்ட்ரோக், 26 அங்குலச் சக்கரம். விடை 33-க்குச் சற்று மேல். ‘பெரிய’ என்ற பெயரை நம்பி ஏமாறுவது இங்கேதான். சிலிண்டரைப் பெரிதாக்கிய லாபத்தில் பெரும்பகுதியைப் பெரிய சக்கரம் தின்றுவிட்டது. வெல்ஷ் போனியின் உண்மையான முன்னேற்றம் எடையில் இருக்கிறது. குட்டியின் எடை 8 டன்னுக்குள், போனி சுமார் 10 டன். குட்டிகள் முதலில் கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டியோடு வந்தன. பெரியவற்றுக்குத் தொடக்கத்திலேயே குதிரைச் சேணம்போல் கொதிகலன்மேல் கவிந்த தொட்டி. பிறகு குட்டிகளையும் அப்படியே மாற்றிக் கட்டினார்கள். இரண்டு வகையிலும் நிலக்கரி பின்னால் வரும் டெண்டர் என்ற சிறு கரிவண்டியில்.

லிட்டில் வொண்டருக்கு நான்கு சிலிண்டர்கள், 8 3/16 அங்குல விட்டம், 13 அங்குல ஸ்ட்ரோக், 28 அங்குலச் சக்கரம். சிலிண்டர்கள் போகிக்கு இரண்டாக இரண்டு போகிகளில்; போகி என்பது இங்கே பெட்டி அல்ல, கொதிகலனுக்கு அடியில் தனியே திரும்பும் சக்கரக் கூட்டம். ஒரு போகிக்கு 31, இரண்டுக்கும் சேர்த்து 62. ஒரு போகியை மட்டும் பார்த்தால் குட்டி இங்கிலாந்துக்கு ஒரு மயிரிழை குறைவு. ஒரே முதுகில் இரண்டு குட்டிகளைப் பூட்டியதுபோன்ற என்ஜின் அது.

ஆனால் இழுவிசை மட்டும் இருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பிடிப்புதான் எல்லை வகுக்கிறது. காய்ந்த தண்டவாளத்தில் ஓட்டுசக்கரங்கள்மேல் உள்ள எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழுவிசையாகப் பெறலாம். வேல்ஸ் மழையில் எட்டில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. 80-க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னையும் மேலே தள்ள 28 பவுண்டு வேண்டும். உருளும் தடைக்கும் வளைவுக்கும் ஒரு 12 பவுண்டு சேர்த்தால் டன்னுக்கு 40.

8 டன் குட்டிக்கு மழைநாளில் கிடைப்பது 1 டன் பிடிப்பு, அதாவது 2,240 பவுண்டு. 40-ஆல் வகுத்தால் 56 டன். அதில் என்ஜினையும் டெண்டரையும் கழித்தால் பின்னால் 45 டன் அளவில் இழுக்கலாம். லிட்டில் வொண்டரின் எடை 19½ டன், அதன் எட்டுச் சக்கரமும் ஓட்டுசக்கரம். அதே மழையில் மொத்தம் 136 டன், தன்னைக் கழித்தால் 117. இரண்டு குட்டிகளைச் சேர்த்துப் பூட்டினால் 90 டன். அதற்கு நான்கு ஆட்கள் வேண்டும், ஃபேர்லிக்கு இரண்டே பேர். 1869 செப்டம்பர் சோதனை ஓட்டத்தில் லிட்டில் வொண்டர் 90 சிலேட் வண்டிகளையும் பயணிகள் பெட்டிகளையும் சேர்த்து, என்ஜின் நீங்கலாக 75 டன் அளவுக்கு மேலே ஏற்றியது. மேற்கண்ட கணக்குக்கு அது வசதியாகவே உட்படுகிறது.

ஃபேர்லிக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் குறை, கனமான என்ஜின் இலேசான தண்டவாளத்தை நசுக்கிவிடும் என்பது. 19½ டன்னை நான்கு அச்சுகளுக்குப் பிரித்தால் அச்சுக்கு 5 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. வெல்ஷ் போனியின் இரண்டு அச்சுகளில் அச்சுக்கு 5 டன். தண்டவாளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். உண்மையில் தண்டவாளத்தை வதைத்தவை இங்கிலாந்துகள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே சுமார் நாலரை அடி மட்டுமே. சிலிண்டர்கள் முன்னே நீட்டிக்கொண்டும், நெருப்பறை பின்னே தொங்கிக்கொண்டும் இருக்கும். வேகம் கூடினால் மூக்கு எழுந்து எழுந்து விழும், குதிரைப் பாய்ச்சல்போல. ஒவ்வொரு விழலும் தண்டவாள இணைப்பின்மேல் சுத்தியடி. இந்த நோய் இங்கிலாந்துகளுக்கு மட்டும் உரியதல்ல. 1893-ல் ஹன்ஸ்லெட் செய்த லிண்டாவும் பிளாஞ்சும் பென்ரின் கல்குவாரிப் பாதையிலிருந்து 1960-களில் இங்கே வந்தபோது, அதே நான்கு சக்கர உடம்போடுதான் வந்தன. கடைசியில் இரண்டுக்கும் முன்னால் ஒரு ஜோடி வழிகாட்டிச் சக்கரம் பொருத்த வேண்டியிருந்தது.

ஃபேர்லியின் சக்கரக் கூட்டம் ஒவ்வொன்றும் சுமார் 5 அடி நீளந்தான். ஆனால் அது போகி. வளைவுக்கு ஏற்றபடி கொதிகலனுக்கு அடியில் திரும்பிக்கொள்ளும். நீண்ட உடல் இரண்டு போகிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால் மூக்கு எழும் பேச்சே இல்லை.

இவ்வளவும் ஃபேர்லிக்குச் சாதகம். இனி அதன் சிக்கல்கள். இவற்றைச் சரியாகச் சொல்லாமல் ஃபேர்லியைப் புகழ்கிறவர்கள் என்ஜினின் அடியில் குனிந்து பார்க்காதவர்கள்.

முதலாவது ஆவி மூட்டு. சாதாரண என்ஜினில் கொதிகலனும் சிலிண்டரும் ஒரே சட்டத்தில் அசையாமல் இருக்கும். ஃபேர்லியில் சிலிண்டர் போகியோடு திரும்பும், கொதிகலன் திரும்பாது. எனவே உயர் அழுத்த ஆவியைக் கொண்டுபோகும் குழாயில் அசையும் மூட்டு கட்டாயம். அதைப் போகியின் சுழல்மையத்துக்கு எவ்வளவு அருகில் வைக்கிறோமோ அவ்வளவுக்கு அசைவு குறையும், மூட்டில் கசிவை அடைக்கும் பேக்கிங்கும் நீடிக்கும். அப்படியும் தேய்மானம் நிற்காது. கசிவு தொடங்கினால் அந்த முனை சோம்பலாகும், குளிர்நாளில் அடியிலிருந்து எழும் வெள்ளைப் படலம் முன்பாதையை மறைக்கும். இரண்டாவது மூட்டு, செலவான ஆவியைப் புகைப்பெட்டிக்குக் கொண்டுபோவது. இதில் அழுத்தம் குறைவு என்று அலட்சியம் செய்வார்கள். ஆனால் அது கசிந்தால் புகைபோக்கியில் இழுப்பு குறைந்து நெருப்பே மந்தமாகிவிடும். ஆவி ஏறவில்லை என்று ஃபயர்மேனைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நெருப்பு. இரட்டை ஃபேர்லியில் கொதிகலன் ஒன்று, அதன் நடுவில் நெருப்பறை, இரு பக்கமும் குழாய்க்கூட்டம், இரு முனையிலும் புகைபோக்கி. ஒரே நெருப்பறையை இரு முனையும் பங்கு போட்டால், பலமாக இழுக்கும் முனை மற்றதன் சூட்டையும் திருடிக்கொள்ளும். அதனால் நடுவில் தண்ணீர்ச் சுவர் விட்டு இரண்டு நெருப்பறைகளாகப் பிரிப்பதே சரியான அமைப்பு. ஃபயர்மேன் ஒரு பக்கமாக நின்று, பக்கவாட்டுக் கதவுகள் வழியே இரண்டு நெருப்புக்கும் கரி போடுகிறார். டிரைவர் கொதிகலனுக்கு அந்தப் பக்கம். இருவருக்கும் நடுவில் சூடான இரும்பு, நிற்க ஒரு ஆள் அகலம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தண்ணீரும் ஆவியும் இரு பக்கத்துக்கும் பொது என்பதால் அழுத்தமானி ஒரே எண்ணைத்தான் காட்டும். ஒரு நெருப்பில் ஓட்டை விழுந்து குளிர்காற்று உள்ளே போனாலும், மற்ற நெருப்பு கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். எண் இறங்கத் தொடங்கும்போது ஏற்றத்தின் நடுவில் இருப்பீர்கள். எனவே தேர்ந்த ஃபயர்மேன் மானியோடு நிற்காமல் இரண்டு புகைபோக்கிகளையும் மாறிமாறிப் பார்ப்பார். இரண்டிலும் ஒரே சாம்பல்நிறப் புகை என்றால் சரி. ஒன்றில் புகையே இல்லாமல் வெறும் சூடு அலைந்தால், அந்தப் பக்கம் உடனே மெல்லிய அடுக்காகக் கரி விரிக்க வேண்டும்.

சறுக்கலும் அப்படித்தான். இரு போகிகளுக்கும் ஆவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டர் கைப்பிடி தனித்தனியாக உண்டு. இலைச்சேற்றில் முன்போகி சுழன்றால் அதை மட்டும் தணிக்கலாம், பின்போகி இழுத்துக்கொண்டே இருக்கும். குட்டி இங்கிலாந்து சறுக்கினால் மொத்த இழுப்பும் போய்விடும். மணல் போட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

கொதிகலனில் தண்ணீர் நிற்கும் விதத்தில் ஃபேர்லிக்கு அதிகம் பேசப்படாத ஒரு நன்மை. நெருப்பறை நடுவில் இருப்பதால், ஏற்றத்தில் கொதிகலன் சாய்ந்தாலும் நெருப்பறைக் கூரையின்மேல் தண்ணீர்மட்டம் ஏறக்குறைய மாறாது. இங்கிலாந்தில் நெருப்பறை ஒரு முனையில். திசை மாறினால் கூரை வெளியே தெரிந்து உருகும் அபாயம். ஆனால் இந்தப் பாதையில் என்ஜினைத் திருப்புவதில்லை, புகைபோக்கி எப்போதும் மலைப்பக்கம். ஏறினாலும் இறங்கினாலும் தண்ணீர் நெருப்பறைப் பக்கமே சாயும். பாதையே அந்தக் குறையை மூடிவிடுகிறது.

தாலியெசினைச் சுருக்கமாகச் சொல்லலாம். முன்னால் ஒரு ஓட்டுபோகி, பின்னால் சுமை தாங்க மட்டும் ஒரு போகி. மூட்டுத் தொல்லை பாதியாகிறது, ஒரே நெருப்பு, ஓட்டம் மென்மை. ஆனால் எடையில் ஒரு பங்கு ஓட்டாத சக்கரங்கள்மேல் வீணாகிறது. நாலைந்து பயணிகள் பெட்டிகளோடு போக அருமையான என்ஜின், நூறு காலி வண்டிகளுக்கு ஆகாது.

எதைத் தேர்வது? நாளுக்குச் சில வண்டிகளே போகும் கல்குவாரிக் கிளைப்பாதைக்குக் குட்டி இங்கிலாந்து போதும். மூட்டு இல்லை, இரண்டே சிலிண்டர், சிறு பட்டறையில் பிரித்து மாட்டலாம். அதன் ஆயுளுக்குச் சாட்சி பிரின்ஸ். 1955-ல் மறுசீரமைக்கப்பட்ட பாதையில் மறுபடி ஓடத் தொடங்கியது அதுதான். ஆனால் ஃபெஸ்டினியோக்கின் பிரதானப் பாதைக்கு என் தேர்வு இரட்டை ஃபேர்லி. அதிலும் லிட்டில் வொண்டரை அல்ல. 1870 பிப்ரவரியில் ரஷ்யப் பிரபு போப்ரின்ஸ்கோய் தலைமையில் வந்த குழுவையே வியக்கவைத்த அந்த என்ஜின், ஓயாத உழைப்பில் தேய்ந்து 1882-ல் ஓய்ந்துவிட்டது. நான் கைகாட்டுவது 1879-ல் ரயில்வேயின் சொந்தப் பட்டறையான பாஸ்டன் லாட்ஜில் கட்டிய மெர்த்தின் எம்ரிஸ். 9 அங்குல சிலிண்டர், 14 அங்குல ஸ்ட்ரோக், 32 அங்குலச் சக்கரம். கணக்குப் போட்டால் 71-க்கு மயிரிழை குறைவு. பழுது பார்ப்பவர்களே கட்டியது என்பது அதன் பெரிய பலம். எந்த மூட்டு எங்கே கசியும், எந்தப் போல்ட்டுக்குக் கை எட்டாது என்று பத்து ஆண்டு அனுபவப்பட்டவர்கள் அவர்கள். சோதனை ஓட்டங்களுக்குப் பாதையைக் கொடுத்ததற்குக் கைம்மாறாக ஃபேர்லி தன் காப்புரிமையை இந்த ரயில்வேக்குக் கட்டணமின்றிக் கொடுத்திருந்ததால் செலவும் குறைவு.

அதே பட்டறை 1886-ல் லிவிங்ஸ்டன் தாம்ப்சனைக் கட்டியது. அது இப்போது யார்க் ரயில்வே அருங்காட்சியகத்தில். 1979-லும் 1992-லும் அதே வடிவில் புது என்ஜின்கள் வந்தன. 2023-ல் ஜேம்ஸ் ஸ்பூனர் என்ற பழைய பெயரோடு இன்னொன்று பாதைக்கு வந்திருக்கிறது: இரண்டு புகைபோக்கி, நான்கு சிலிண்டர், அடியில் அதே அசையும் மூட்டுகள்.